மண்டலம் ஒன்று

கையில் இருபத்தையாயிரம்.
பஸ் காசு வேறு, தேத்தண்ணிக் காசு வேறு.
மின்சாரப் பட்டியலின் பின்பக்கத்தில்
சாருலதா எழுதித் தந்தது:
தட்டு ஓட வேண்டும்.
இணையத்திலும் படம் வர வேண்டும்.
பேய்க்காட்டுப்பட்டு வரக் கூடாது.
கடைசி வரியின் கீழே இரண்டு கோடு.

வெள்ளவத்தையில் ஏறிய நூறாம் நம்பர் பஸ்
கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை
ஒற்றைக் காலில் நின்றேன்.
மற்றக் காலின் இடத்தில்
யாரோ ஒருவரின் பலாப்பழம்.

முதலாம் குறுக்குத் தெருவில்
நாட்டாமைகளின் வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கியே
நாலு கடை ஏறி இறங்கியாயிற்று.
"தட்டா? இப்ப ஆரு தட்டுப் பாக்கிறது?"
சிரித்தான் ஒரு பொடியன்.
இன்னொருவர் நாற்பத்தெட்டாயிரம் என்றார்.
குடையை எங்கோ மறந்தவனைப் போல
அவசரமாக வெளியே வந்தேன்.

ஐந்தாவது கடை இஸ்ஸத்துடையது.
மின்விசிறிகளுக்கும் ரைஸ் குக்கர்களுக்கும் நடுவிலிருந்து
ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வைத்தார்.
"ஸ்ட்ரீமிங் ஈக்கி தம்பி, பொய் செல்ல மாட்டன்,
உள்ளுக்கு ஈக்கிற ஏழு ஆப்ல நாலு மௌத்து.
கம்பெனிக்காரன் அப்டேட்ட நிப்பாட்டி மூணு வருஷம்.
மத்த மூணும் ஓடும். எத்தின நாளைக்கெண்டு
அல்லாதான் அறிவான்.
தட்டு மட்டும் கேட்டுக் கேள்வியில்லாம ஓடும்."

இருபத்துமூவாயிரத்து எழுநூறு.
இவ்வளவு உண்மையை
ஒரு கடையில் எதிர்பார்த்து வராததால்
பேரம் பேச வாய் வரவில்லை.

பையிலிருந்த என் தட்டை எடுத்துக் கொடுத்தேன்.
தயாளினியின் கலியாணம்.
பதினொரு வருஷத்துக்கு முன், ரொறன்ரோவில்.
எனக்கும் சாருலதாவுக்கும் விசா தரவில்லை;
திரும்பி வருவோம் என்பதற்குப்
போதிய ஆதாரம் இல்லையாம்.
வந்தது தட்டுத்தான், தபாலில்,
உறையின் ஒரு மூலை நசுங்கி.

பெட்டி விழுங்கியது. முனகியது.
திரையில் ஒரு வரி:
இந்தத் தட்டு இந்த மண்டலத்துக்கு உரியதல்ல.

"உலகத்த ஆறாப் பிரிச்சி வெச்சீக்காங்க தம்பி.
அவங்கட ஒண்டு. எங்கட அஞ்சு."

எந்தத் திருடனுக்குப் பயந்து
வீடியோக்காரர் ஒரு கலியாணத்தைப் பூட்டினாரோ.
விசா மறுத்த கடிதம் இதைவிட நீளம்.
சொன்னது இதைத்தான்.

இஸ்ஸத் ரிமோட்டை வாங்கினார்.
தட்டை வெளியே தள்ளிவிட்டு
ஏதோ நாலு இலக்கம் அமுக்கினார்,
பிறகு ஒரு பூச்சியம்.
"இப்ப எல்லா ஊரும் ஒண்டுதான்."

ஒன்பது விநாடி இருக்கும்.
தூதரக வாசலில் நாங்கள்
காலை ஆறரையிலிருந்து நின்றோம்.

மின்விசிறிகளின் நடுவே
விலைச்சீட்டுத் தொங்கும் ஒரு திரையில்
என் தங்கச்சி மணவறைக்கு நடந்து வந்தாள்.
வண்டி தள்ளிய இருவர் நின்று பார்த்தார்கள்.
"மனமாலி லஸ்ஸனய்," என்றார் ஒருவர்.
அழகுதான்.
முன்வரிசையில் இரண்டு கதிரை வெறுமையாய்க் கிடந்தன.
எங்களுக்காக என்று நினைக்க ஆசை.
யாரோ கார் நிறுத்த இடம் தேடிப் போயிருப்பார்கள்.

வீட்டில்
சாருலதா முதலில் பார்த்தது பற்றுச்சீட்டை.
பிறகு உயிரோடிருந்த மூன்றில் ஒன்றைத் திறந்தோம்.
மேல்மாடி பெர்னாண்டோபுள்ளே அன்ரியின் வைஃபையில்
வட்டம் சுற்றியது, சுற்றியது.
மழைக்குள் ஒரு துப்பறிவாளன்
கதவைத் தட்டக் கை ஓங்கியபடி நின்றுவிட்டான்.
"இவனுக்கும் விசா இல்லைப் போல."

தட்டைப் போட்டேன்.
ஓடியது.
பந்தி நடக்கும்போது
அவள் ரிமோட்டை எடுத்து நிறுத்தி
"அந்த ஊதாச் சேலை ஆர்?" என்றாள்.
எனக்கும் தெரியாது.

வட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறோம்.
அங்கே பகல் பதினொன்று, வேலையில் இருப்பாள்.
ஒரு சரி விழுந்திருக்கிறது.
ஊதாச் சேலைக்காரி
வாயருகே கொண்டுபோன வடையோடு
காத்திருக்கிறாள்.